ஆவுடை கட்டிக் குடுத்த சாப்பாடு

தம்பி, அந்தப் பையக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துக்கிடுங்க. கால்ல கட்டுப் போட்டிருக்கு பாத்தியளா, அதுல இடிச்சிரக் கூடாது. இடிச்சாலும் எனக்கு வலிக்காது, அது வேற விஷயம். வலிக்கலையேன்னுதான் டாக்டர் பயப்படுதாரு. வலிச்சா நல்லதாம். வலிக்குதுன்னு போனா மாத்திரை குடுக்காரு, வலிக்கலைன்னு போனா மூஞ்சியத் தொங்கப் போடுதாரு. அவர எப்படித்தான் திருப்திப்படுத்த?

மதுரைக்கா போறிய? நானும் மதுரைதான். பெரிய ஆஸ்பத்திரியில காலக் காட்டணும். இந்த வலது கால் சுண்டுவெரல எடுக்கணுமா வேண்டாமான்னு அங்கதான் சொல்லுவாவளாம். செருப்புக் கடிதான் தம்பி. தை மாசம் புதுச் செருப்பு வாங்கிப் போட்டேன், கடிச்சிட்டு. ஊர்ல எத்தன பேரச் செருப்பு கடிக்கி, எல்லாவனுக்கும் வெரலயா எடுக்காங்க? இதுக்கெல்லாம் காரணம் என்னன்னு கேட்டா நான் ஒரே வார்த்தையில சொல்லிருவேன். குதிரைவாலி.

சிரிக்காதிய. குதிரைவாலின்னா தெரியும்லா? பாத்தா அரிசி மாதிரியே இருக்கும். அரிசிக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா மகன்னு வச்சுக்கிடுங்க. சாயல் இருக்கும், கிட்டப் போய் உக்காந்தா ஒரு பேச்சும் இருக்காது. அது எங்க வீட்டுக்குள்ள வந்த அன்னைக்குப் பிடிச்சது சனி.

என் பேரு கைலாசம். சங்கரன்கோவில்ல ஒரு சொசைட்டியில சூப்பரண்டா இருக்கேன். எனக்குச் சர்க்கரை வந்து வருசக்கணக்காச்சு. அது பாட்டுக்கு அது இருந்துச்சு, நான் பாட்டுக்கு நான் இருந்தேன். ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்ணிக்கிடல. போன சித்திரையில கால் ரெண்டும் மதமதன்னு இருக்குன்னு வாய் தவறி ஆவுடைகிட்டச் சொல்லிட்டேன். ஆவுடை என் வீட்டுக்காரி. சொந்த மாமன் மக. அவ்வளவுதான், அன்னைக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா. நான் தனியாப் போயிருந்தா டாக்டர் சொன்னதுல நமக்கு வேண்டியத மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேன். இவ கூட வந்து முழுசையும் கொண்டு வந்துட்டா.

டாக்டர் என்ன சொன்னாரு? சோத்தக் கொறைங்க, தட்டுல பாதிக்குக் காய்கறி இருக்கட்டும், எண்ணெயில முங்கி எந்திரிச்சதெல்லாம் வேண்டாம், இனிப்பு வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சாயங்காலம் நடங்கன்னாரு. எல்லா டாக்டரும் எல்லார்கிட்டயும் சொல்லுதது. அதோட நிப்பாட்டியிருக்கலாம்லா? இல்லேன்னா கண்ணு, கிட்னி, காலு எல்லாம் வரிசையாப் போயிரும்னு ஒண்ணச் சேத்துச் சொன்னாரு. எனக்கு முன்னால சொன்னதே காதுல விழல. அவளுக்குப் பின்னால சொன்னது மட்டும்தான் விழுந்திருக்கு. ஆட்டோவுல வரும்போது முந்தானைய வாயில வச்சுக்கிட்டு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா.

மறுநாள் காலையில அடுப்படிக்குப் போறேன், வேற ஆளு வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. பொன்னி அரிசி மூட்டை கொழுந்தியா வீட்டுக்குப் போயிட்டு. அப்பள டின்னக் காணோம். ஊறுகா ஜாடி பரணுக்கு ஏறிட்டு. ஃபோன்ல ஒரு அம்மா வருவா தம்பி, சிரிச்சுக்கிட்டே சிறுதானியம் சமைக்கச் சொல்லிக் குடுப்பா. அவ சிரிப்பப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவ முன்னால உக்காந்து பாடம் கேக்கா. குதிரைவாலி, சாமை, தினைன்னு வரிசையா டப்பா. நான் கேட்டேன், ஏட்டி, நம்ம வீட்டுல புறா வளக்கப் போறோமான்னு. அவ சிரிக்கல.

ஒண்ணு சொல்லணும், அவளுக்கும் அதே சாப்பாடுதான். உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணான்னு அவளும் அதையேதான் தின்னா. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்கென்ன, பழகிட்டா. பொம்பளையளுக்கு நாக்கே கிடையாது தம்பி. இருந்தாலும் வெளிய காட்ட மாட்டாவ.

காலையிலயும் ராத்திரியிலயும் வீட்டுல அவ கண்ணு முன்னால திங்கணும், தப்பிக்க முடியாது. ரெண்டு தோசையோட எந்திரிச்சிருவேன். ரெண்டு தோசையில வயிறு நெறைஞ்சிருமான்னு கேக்காதிய, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போதே பஜ்ஜிக் கடையில ஒரு கை பாத்துட்டுத்தான் வருவேன். மத்தியானச் சாப்பாடு ஆபீசுக்குக் கட்டிக் குடுப்பா. மொத வாரம் தின்னு பாத்தேன். அடச்சீ, ஊற வச்ச சாக்குத் துணி மாதிரி இருந்துச்சு. எட்டாவது நாளு டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், எதுத்த மேசையிலேருந்து ஒரு வாசனை வருது பாருங்க. என் உசிரு மூக்கு வழியா எந்திரிச்சுப் போயிட்டு.

எதுத்த மேசை பிரமநாயகம். எங்க கிளார்க். அவன் பொண்டாட்டி அம்பாசமுத்திரத்துல டீச்சர், இவன் இங்க ரூம் எடுத்துத் தனியாக் கெடக்கான். மூணு வேளையும் ஓட்டல். அன்னைக்கு வாழையெலையில வச்சுக் கட்டின பரோட்டா, சால்னா. பய என் டப்பாவப் பாக்கான், நான் அவன் எலையப் பாக்கேன். "அண்ணாச்சி, வீட்டுச் சாப்பாடு தின்னு எம்புட்டு நாளாச்சு தெரியுமா"ன்னு கேட்டான். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. மனசு கேக்கல தம்பி. தள்ளி வச்சிட்டேன் டப்பாவ. வீட்டுச் சாப்பாடு இல்லாதவனுக்கு வீட்டுச் சாப்பாடு குடுக்கது தர்மமில்லையா? அவன் எலைய என் பக்கம் தள்ளினது அவனுக்கு மரியாதை தெரியும்கதுனால.

அன்னையிலேருந்து அது வழக்கமாயிட்டு. தினமும் ரெண்டே ரெண்டு பரோட்டா. சில நாளு மூணு. வெள்ளிக்கெழம பிரியாணி. அதெல்லாம் ஒரு கணக்கா?

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. ஆவுடை சாயங்காலம் வந்ததும் கேப்பா, "அத்தான், இன்னைக்குப் பொரியல் எப்படி இருந்துச்சு?" எனக்கு என்ன பொரியல்னே தெரியாதே! அதனால அஞ்சு மணிக்குக் கெளம்பும்போது பிரமநாயகத்துக்கிட்ட நின்னு கேட்டுக்கிடுவேன். ஏல, இன்னைக்கு என்ன? எப்படி இருந்துச்சு? அவன், "வாழைத்தண்டு அண்ணாச்சி, அருமை. மொளகு மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும்"பான். நான் அத அப்படியே வீட்டுல ஒப்பிப்பேன். இவ மறுநாளு மொளகத் தூக்கிப் போடுவா. அவன் முருங்கைக்கீரை கேட்டான், முருங்கைக்கீரை போச்சு. தேங்காயக் கொறைக்கச் சொன்னான், கொறைச்சா. இப்படியே போயி, என் பொண்டாட்டி கோடாங்கிகிட்டக் கேக்குத மாதிரி அவன் நாக்குக்குக் குறி கேட்டுச் சமைக்கா. அவளுக்குத் தெரியாது. "நீங்க இப்பல்லாம் எவ்வளவு நுணுக்கமாச் சொல்லுதிய அத்தான்"னு சந்தோஷப்பட்டா. சந்தோஷப்பட்டாள்லா, விடுங்க.

அந்தப் பயலப் பாக்கணுமே நீங்க. மாடிப்படி ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்குதவன், இப்ப விசிலடிச்சுக்கிட்டு ஏறுதான். தொப்பை கரைஞ்சு பேன்ட்டு நிக்கல, பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்கான். மூஞ்சி பளபளன்னு இருக்கு. என் சாப்பாட்டத் தின்னு என் கண்ணு முன்னாலயே எளந்தாரி ஆகுதான் தம்பி. எனக்கு வயித்தெரிச்சல் இருக்குமா இருக்காதா? அதுக்கும் நான் மாத்திரை போட்டேன்.

ஆடியில மறுபடி ரத்தம் பாத்தாங்க. ஏறிக் கெடக்கு. டாக்டர், "என்னம்மா குடுக்கீங்க இவருக்கு?"ன்னு கேட்டாரு. இவ ஒண்ணு விடாம ஒப்பிச்சா. காலையில இது, மத்தியானம் இது, ராத்திரி இது. டாக்டர் என்னப் பாத்தாரு. நான் சுவத்துல இருந்த காலண்டரப் பாத்தேன். நல்ல மயில் படம்.

வீட்டுக்கு வந்து, "என் கையிலதான் ஏதோ கோளாறு அத்தான்"ங்கா. இல்லட்டி, அந்த மெஷின்ல கோளாறா இருக்கும்னேன். அவ கேக்கல. எங்க தெரு முனையில முப்பிடாதியம்மன் கோயில் இருக்கு. அங்க போயி நின்னு, அத்தானுக்குச் சர்க்கரை எறங்குத வரைக்கும் உப்புத் தொட மாட்டேன்னு வேண்டிக்கிட்டு வந்துட்டா. நம்ம பக்கத்துல பொம்பளைய உப்பு விட்டு வெரதம் இருக்கதுதான், தெரியும்லா? ஒரு நாளு, ரெண்டு நாளு இருப்பாவ. இவ நாளே சொல்லல. எறங்குத வரைக்கும்னுட்டா. எவனுக்கோ கூடிப்போன சர்க்கரைக்கு எவளோ உப்ப விடுதா. இது என்ன வைத்தியம்னு நான் கத்தினேன். சாமி காரியத்துல வாய வைக்காதியன்னு அடக்கிட்டா.

சரி, பொம்பளையளுக்கு நாக்கு கிடையாதே, சமாளிச்சுக்கிடுவான்னு நானும் விட்டுட்டேன்.

பொரட்டாசியில தண்ணிக் கொழாயடியில மயங்கி விழுந்துட்டா. தூக்கிட்டு ஓடினோம். ஒடம்புல உப்பு ரொம்ப எறங்கிப் போச்சுன்னு ட்ரிப் ஏத்தினாங்க. இவ ப்ரெஷர் மாத்திரை வேற திங்கா, அதுவும் சேந்து இழுத்திருக்கு. இன்னொரு தடவ இப்படி விட்டா வலிப்பு வந்துரும், ஆளு எந்திரிக்கதே கஷ்டம்னு டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. அவ அங்க வெள்ளையாக் கெடக்கா. சத்தியமாச் சொல்லுதேன் தம்பி, அன்னைக்கு நான் பயந்த மாதிரி எதுக்கும் பயந்ததில்ல. எங்க வீட்டுல எந்த சுவிட்சு எந்த லைட்டுக்குன்னு கூட எனக்குத் தெரியாது. பிள்ளைய ரெண்டும் வெளியூர்ல. அவ போயிட்டா நான் அந்த வீட்டுல எங்க நிப்பேன்?

கண்ண முழிச்சதும் சொல்லுதேன், ஏட்டி, உப்புச் சேத்துக்கோட்டின்னு. "ஒங்களுக்கு எறங்கட்டும் அத்தான்"ங்கா. கொரலே வரல, அதுக்குள்ள அந்தப் பிடிவாதம்.

வேற ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? நீங்க சொல்லுவிய, அன்னையிலேருந்து ஒழுங்காத் தின்னிருக்கலாம்லான்னு. தின்னிருக்கலாம். ஆனா அந்தப் பரிசோதனை மூணு மாசச் சராசரியக் காட்டுதது. நான் ஒழுங்காத் தின்னு, அது மெல்ல எறங்கி, சீட்டு வாங்கி அவகிட்டக் காட்டுததுக்குள்ள அவ இருக்கணும்லா? அவசரத்துக்கு யோசிக்கவன்தான் மனுசன். நான் யோசிச்சேன்.

பிரமநாயகத்தக் கூட்டிட்டுப் போயி என் பேரச் சொல்லி ரத்தம் குடுக்க வச்சிட்டேன்.

மொதல்ல மாட்டேன்னான். "அண்ணாச்சி, இது தப்பு, டாக்டர் விஷயத்துல வெளையாடக் கூடாது"ன்னு எனக்கே புத்தி சொல்லுதான். ஏல, என் வீட்டுச் சோத்தத் தின்னு ஊறுன ரத்தம்தானல, ஒரு வகையில எனக்கும் அதுல பாத்தியம் உண்டுல்லாலன்னு கேட்டேன். ஒன் மதினி உசிருலன்னு நான் சொன்னதும் சட்டைக் கைய மடிச்சிட்டான். நல்ல பய. ஆனா அந்த ஊசியக் குத்தும்போது அவன் கூவினது இருக்கே, நாலு கடை தள்ளிக் கேட்டிருக்கும்.

ஐப்பசியில ரிப்போர்ட் வந்துச்சு. தங்கம் மாதிரி. டாக்டரு ரெண்டு தடவ கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாத்தாரு. "அம்மா, இது முழுக்க ஒங்க கை வேலை"ன்னு ஆவுடையப் பாத்துக் கும்பிட்டாரு. அவ அங்கேயே அழுதுட்டா. நேரா முப்பிடாதியம்மன் கோயிலுக்குப் போனோம். பொங்கல் வச்சா. பூசாரி கையில ஒரு கல்லு உப்ப வாங்கி, கண்ண மூடிக்கிட்டு நாக்குல வச்சா பாருங்க. சின்னப் பிள்ள மொத மொதல்ல மிட்டாய் திங்குத மாதிரி. அதப் பாத்துக்கிட்டே நின்னேன். எம்பொண்டாட்டிக்கு இத நான் வாங்கிக் குடுத்தேன்னு எனக்குள்ள ஒரு பெருமை. சொல்லுங்க தம்பி, ஒரு புருசன் இதுக்கு மேல என்ன செய்யணும்?

அங்கதான் டாக்டர் தப்புப் பண்ணிட்டாரு. சர்க்கரை நல்லா எறங்கிட்டுல்லா, மாத்திரையப் பாதியாக் கொறைச்சிட்டாரு. நானா கேட்டேன்? ஒரு டாக்டர்னா ஆளப் பாத்து மருந்து குடுக்கணும், வெறும் பேப்பரப் பாத்தா குடுக்கது? அப்புறம் செருப்பு கடிச்சுது. கடிச்சது எனக்குத் தெரியவே இல்ல, காலுதான் மரத்துக் கெடக்கே. ஆவுடைதான் பாய்ல ரத்தக் கறையப் பாத்துட்டுக் கண்டுபிடிச்சா. ஆறல. மஞ்சள் வச்சோம், மருந்து வச்சோம், கறுத்துக்கிட்டே போகுது. போன வாரம் ரத்தம் பாத்தா, சர்க்கரை எங்கேயோ ஏறிப் போயிட்டு. இது எப்படி நாலு மாசத்துல இப்படின்னு டாக்டர் தலையில கைய வச்சுக்கிட்டாரு. மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாரு.

வெளிய வந்ததும் நானே முந்திக்கிட்டேன். ஏட்டி, மறுபடி உப்பு கிப்புன்னு சாமிகிட்டப் போயி நின்னே, நான் சும்மா இருக்க மாட்டேன்னேன். "இல்லத்தான், போகல"ன்னா. சாப்பிடுதியான்னு நான் கேட்டதுக்கு, "சாப்பிடுதேன், நல்லாச் சாப்பிடுதேன்"ங்கா. அந்த மட்டுக்கும் என் பேச்சக் கேட்டாளே.

இன்னைக்கு அவளும் கூட வாரதாத்தான் இருந்துச்சு. விடியுததுக்கு முன்னால எந்திரிச்சு ரெண்டு பேருக்கும் சாப்பாடு கட்டினா. சீட்டுல ஏறி உக்காந்துட்டோம். திடீர்னு தலை சுத்துதுங்கா. கம்பியப் பிடிச்சுக்கிட்டே எறங்கிட்டா. நானும் எறங்குதேன்னேன். "வேண்டாம் வேண்டாம், இன்னைக்கு விட்டா பெரிய டாக்டரு அடுத்த வாரம்தான், கால் என்னத்துக்கு ஆகும், வெயில்தான் எனக்கு, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருதேன்"னு கீழ நின்னு கையக் கையக் காட்டுதா. பஸ்ஸையும் எடுத்துட்டான். பங்குனி வரல, அதுக்குள்ள என்ன வெயிலோ.

எறங்கும்போதும் ஒரு உத்தரவு. "நூல் கட்டாத டப்பாதான் ஒங்களுக்கு, மறக்காமச் சாப்பிடுங்க"ன்னு. ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரிதான் தம்பி, இந்தா பாருங்க. ஒண்ணுக்குச் செவப்பு நூல் சுத்தியிருக்கா. மூடி லூசா இருக்கும்போல.

நீங்க காலையில ஒண்ணும் சாப்பிடலன்னு சொன்னியள்லா? இந்த நூல் கட்டின டப்பாவ நீங்க எடுத்துக்கிடுங்க. அவ பங்கு, வீணாத்தானே போகும். அட எடுங்க, கூச்சப்படாதிய. நானா? நான் ராஜபாளையத்துல பாத்துக்கிடுவேன். பத்து நிமிசம் போடுவான், ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பொரிச்ச பரோட்டா போடுதான், மொறுமொறுன்னு. வெரலு போகப் போகுதோ இருக்கப் போகுதோ, அதுக்கு முன்னால ஒரு பரோட்டா கூடத் திங்கக் கூடாதா மனுசன்? என் டப்பாவ ஆஸ்பத்திரி வாசல்ல எவனுக்காவது குடுத்திருவேன். பசியோட எவனாவது இல்லாமலா போவான்.

தொறங்க, தொறங்க. கூட்டாஞ்சோறா? வாசனை அப்படித்தான் வருது. குதிரைவாலியில கூட்டாஞ்சோறு, கத்திரிக்கா, முருங்கைக்கீரை எல்லாம் போட்டு. இது அந்தப் பய பிரமநாயகம் கேட்டு வந்தது. தின்னுங்க. அவன் இதுக்கு உசிர விடுவான்.

என்ன தம்பி, முழிக்கிய?

உப்பு இல்லையா? இருக்காதே. ஆவுடை சமையல்ல கூடும் கொறையும் இருக்கவே இருக்காது. அந்தப் பய ஒரு நாளு கூட உப்புக் கொறைன்னு சொன்னதில்ல. இங்க குடுங்க, ஒரு வாய். ம்.

கொஞ்சங்கூட இல்லையே தம்பி. ஒரு பொட்டு உப்பு இல்ல. மறந்துட்டாளா? இருங்க, இன்னொரு டப்பாவத் தொறக்கேன். இதுவும் அதே கூட்டாஞ்சோறுதான், அதே கீரை. இதுல இருக்கே. சரியா இருக்கே உப்பு.

ஒரே பானைச் சோறு. உப்புப் போடுததுக்கு முன்னால அவ பங்கத் தனியா எடுத்து வச்சிருக்கா. மாறிப் போயிராம இருக்க நூலச் சுத்தியிருக்கா.

பாத்தியளா தம்பி! பாத்தியளா அவ வேலைய! விடவே இல்ல. கால் ஆறலைன்னதும் மறுபடி ஆரம்பிச்சிருக்கா. அதான் இப்பல்லாம் நான் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு அடுப்படியில சுவத்தப் பாத்து உக்காந்து திங்கா. நான் கேட்டா, மொழங்கால் வலி, அப்படி உக்காந்தாத்தான் சுகமா இருக்குங்கா. அதான் தலை சுத்தல். வெயிலாம் வெயிலு! கள்ளச் சிறுக்கி. கட்டின புருசனையே ஏமாத்தியிருக்கா தம்பி. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு தெனமும் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கா. நல்லாச் சாப்பிடுதேன்னு சொல்லிட்டு ஒருத்தி இப்படிச் செய்வாளா? ஒரு டப்பாவ வச்சுக்கிட்டு ஒருத்தர இத்தன நாளா...

கொஞ்சம் பேசாம இருங்க தம்பி.

இல்ல, ஒண்ணுமில்ல. ராஜபாளையம் வந்துட்டா? சரி. அந்த ஃபோன எடுத்துக் குடுங்க, மேல் பையில இருக்கு. எம்பேத்தி படம் போட்டிருக்கும்.

ஹலோ. ஏட்டி, ஆவுடை. வீட்டுக்குப் போயிட்டியா? படுத்திருக்கியா? கதவச் சாத்தாத, தொறந்தே போடு. பக்கத்து வீட்டு மாரித்தாயக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வையி. நீ வையி, நான் சொல்லுதேன்லா. அவளக் கூட்டிட்டு இப்பவே டாக்டர்கிட்டப் போயி ரத்தம் பாரு. எதுக்கா? உன் டப்பாவத் தொறந்துட்டேன்.

அழாத. ஏட்டி, அழாதங்கேன். நான் திட்டல.

கால் ஆறட்டும்கியா? ஆறும். ஒன் சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடல. நீ உப்பத் தின்னதுனால கால் புண்ணாகல ஆவுடை. அது வேற கதை. நான் சொல்லுதேன், வந்து சொல்லுதேன். இப்ப நீ ஒரு கல்லு உப்ப எடுத்து வாயில போடு. மாட்டியா? சரி, அப்ப மொதல்ல டாக்டர்கிட்டப் போ, ட்ரிப்பு ஏத்தினா ஏத்திக்கோ, அதுல உப்பு இருக்கது ஒன் சாமிக்குத் தெரியாது. சிரிக்காத. போ.

என்னது?

நானா? இன்னும் சாப்பிடல. இப்பத்தான். ஆமா. நூல் கட்டாததுதான். ஆமாட்டி, சாப்பிட்டுட்டுத்தான் போவேன். வைக்கேன்.

தம்பி, நீங்க எறங்கிப் போயி ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க, பத்து நிமிசம் இருக்கு. அந்தா தெரியுது பாருங்க, கல்லுல தட்டுத சத்தம் கேக்குதா, அந்தக் கடைதான். நான் வரல. நான் வரலங்கேன், போங்க. வரும்போது ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க. அப்புறம் மதுரையில எறங்கினதும் எனக்கு ஒரு கை பிடிச்சு அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டிரணும். டாக்டர்கிட்ட மொதல்ல அந்த ரத்தம் என்னுது இல்லைன்னு சொல்லணும். தனியாப் போனா பாதியில திரும்பி வந்துருவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

இருங்க, அந்த நூல் கட்டாத டப்பாவ எங்க வச்சிய? இங்க குடுங்க. அது எனக்குக் கட்டிக் குடுத்தது.

ம்.

அடப்பாவி. இம்புட்டு ருசியையா தம்பி அந்தப் பய பத்து மாசமாத் தின்னுக்கிட்டிருந்தான்?